பெரிய நாளுக்கு எத்தனை கோடு

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் மகனுடைய நண்பர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பின்பக்க மரத்தளத்தில் நான் அவர்களுக்குக் கோழி சுட்டுக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக மகன் அக்கா கல்யாணக் கதையை எடுத்தான். அப்பாவுக்குக் கஞ்சா ஏறி, ஐயர் மந்திரம் சொல்லும்போதே எழுந்து ஓடிவிட்டார் என்று இங்கிலீஷில் நடித்தே காட்டினான். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "லெஜண்ட், அங்கிள்!" என்றான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் பையன்களுக்குச் சங்கடமாகிவிடும்.

கோழியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான், இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. வேடிக்கையாகச் சொன்னால் அது வேடிக்கைதான். ஆனால் உள்ளே இருந்தவனுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்று, பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருக்கும். பெயர் எதுவும் போடவில்லை. மகள், மகன் என்றுதான் எழுதுகிறேன். மகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து மெதுவாக வாசித்துவிடுவாள். மகன் அக்காவிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பெண்ணைப் பெற்றவனுக்குக் கல்யாணத்தில் ஒரே ஒரு வேலைதான் அவனுடையது. மற்ற எல்லாவற்றையும் காசு கொடுத்தால் யாராவது செய்துவிடுவார்கள். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றித் தாரை வார்ப்பது மட்டும் அப்பனுடைய வேலை. எனக்கு ஒரே மகள். அந்த வேலையை நான் செய்யவில்லை.

எனக்குப் பதட்டம் எப்படி வந்தது என்று இன்னும் தெரியாது. முதல் தடவை வந்தது கொரோனா ஊரடங்கு முடிந்து, நான் சமைக்கிற ஓட்டல் திறந்த வாரம். அத்தனை மாதம் கிளென் ஈடன் வீட்டிலேயே அடைந்து கிடந்துவிட்டு மறுபடி அடுப்புக்கு முன் நின்றேன். புகைபோக்கி விசிறியின் இரைச்சலும் ஆர்டர் சீட்டு அச்சாகிற சத்தமும் இருபது வருஷமாகக் கேட்டவைதான். அன்றைக்கு அந்தச் சத்தம் எல்லாம் என் நெஞ்சுக்குள் போய் இடித்தது. மூச்சு பாதியில் நின்றது. மாரடைப்பு என்றே முடிவு செய்து, தோசை அடுப்பை அணைத்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு பல்பொருள் அங்காடி வரிசையில் வந்தது. ரயிலில் வந்தது. கோயில் திருவிழாக் கூட்டத்தில் வந்தபோது செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே வந்தேன். நாலு பேருக்கு மேல் சேர்ந்து நின்றால் என் கண் வாசலைத் தேட ஆரம்பித்துவிடும்.

குடும்ப டாக்டர் கொடுத்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கத் தூக்கம், கை நடுக்கம். கத்தி பிடிக்கிறவனுக்கு அது ஆகாது. அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு அவள் விரும்பியவரோடு சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை வீடு லின்ஃபீல்டில், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அருமையான மனிதர்கள். கல்யாணத்துக்கு மண்டபம் நிறைய ஆட்கள் வருவார்கள் என்று பேச்சு வந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. மகள் அதைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் காரில் வரும்போது கேட்டாள்.

"அப்பா, அவ்ளோ பேர் முன்னாடி உங்களால உட்கார முடியுமா?"

"ஏன் முடியாது?"

"கோயில்ல செருப்பை விட்டுட்டு வந்தீங்களே."

"பழைய செருப்பு கண்ணு அது. யாருக்காவது உதவட்டும்."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே கணினியில் தெரிகிற ஒரு டாக்டரம்மாவிடம் என்னைப் பேச வைத்தாள். அவர் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கிற மருந்தை எழுதிக் கொடுப்பவர். இங்கே சட்டப்படி டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையில் வாங்கலாம். எனக்கு அது அதுவரை தெரியாது. உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

"கஞ்சாவா? ஏங்க, நம்ம ஊர்ல இதை வச்சிருந்தா ஜீப்புல ஏத்திட்டுப் போயிருவாங்க. இங்க டாக்டரே தர்றாங்களா?"

"எண்ணெய்ம்மா. மருந்து."

"எண்ணெயா? அப்ப தலைக்குத் தேய்ச்சுக்குங்க. முடியாவது வளரட்டும்."

சின்னக் கண்ணாடிப் புட்டியில் வந்தது. கூடவே ஊசி இல்லாத ஒரு குட்டி சிரிஞ்ச். அதில் மெல்லிய கோடுகள். டாக்டரம்மா இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள். முதலில் அரைக் கோடு. காலையில் சாப்பிட்ட பிறகு, தினமும் ஒரே மாதிரி. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரு கோடு. அதற்கு மேல் மிக மெதுவாக. உள்ளே போனது வேலையைக் காட்ட ஒரு மணி நேரமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். எடுத்த நாளில் கார் ஓட்டக் கூடாது.

"இன்னொன்னு முக்கியமாம்பா," என்றாள் மகள். "பத்தலைன்னு தோணினாலும் அன்னைக்கே மறுபடியும் போடக் கூடாதாம். கொஞ்சமா போட்டா பயம் குறையும். அதையே கூடுதலா போட்டா பயம் ஜாஸ்தியாகுமாம். அதே மருந்துதான், ஆனா தலைகீழா வேலை செய்யுமாம்."

எனக்கு அது விளங்கவில்லை. உப்பு கூடினால் கரிக்கும், அதற்காக இனிக்குமா? இதை மகளிடம் கேட்டேன். அவள் டாக்டரம்மாவிடம் கேட்டாள். அந்த அம்மா நன்றாகச் சிரித்துவிட்டு, இந்த எண்ணெயை உப்பு மாதிரி நினைக்க வேண்டாம் என்றார்.

அரைக் கோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு கோட்டிலும் பெரிதாக எதுவும் இல்லை என்றே அப்போது நினைத்தேன். உண்மையில் அந்த வாரம்தான் நான் ரயிலில் நியூ லின் வரை போய் வந்தேன். போய் வந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லக்கூட இல்லை. பயம் வரவில்லை என்பது கவனத்துக்கே வரவில்லை. மருந்து என்றால் உள்ளே இறங்குவது தெரிய வேண்டும், மிளகு ரசம் மாதிரி தொண்டையில் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அதனால் டாக்டரம்மாவிடம் பத்தவில்லை என்று சொல்லி இரண்டு கோட்டுக்குப் போனேன். இரண்டில் உடம்பு லேசாக இளகியது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு உங்கள் அம்மாவோடு போனேன். பசிபிக் தீவுக்காரர்கள் சேப்பங்கிழங்கு விற்கிற இடத்தில் அத்தனை நெரிசல். நான் நின்று பேரம் பேசினேன். உங்கள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பழைய ஆளா வந்துட்டீங்களே. இன்னும் ரெண்டு கிலோ வாங்குங்க, பார்ப்போம்."

இரண்டு இவ்வளவு நல்லது செய்தால் மூன்று எவ்வளவு செய்யும்? ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எனக்கு விடுப்பு நாள், டாக்டரம்மாவைக் கேட்காமலேயே மூன்று போட்டுப் பார்த்தேன். முதலில் சுகமாக இருந்தது. பிறகு வீட்டில் கேஸ் கசிகிறது என்று நிச்சயமாகத் தோன்றியது. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தேன். நம் வீட்டில் கேஸே இல்லை, மின்சார அடுப்பு. அது தெரிந்தும் பயம் போகவில்லை. இதயம் குதித்தது. மகள் வேலையிலிருந்து வந்தபோது நான் எல்லாச் சன்னலையும் திறந்துவைத்து, மழைச்சாரலில் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை கோடுப்பா?"

"மூணு."

"யார் சொன்னது?"

"நானாத்தான்."

அவள் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது போயிரும்பா, போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போயிற்று. டாக்டரம்மா, "இரண்டைத் தாண்டாதீர்கள், ஒன்றே போதுமா என்றுகூடப் பாருங்கள்" என்றார். ஒன்றுக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. கூடினால் என்ன ஆகும் என்று என் உடம்பே எனக்குக் காட்டிவிட்டது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தரையில் சம்மணம் போட்டு உட்காரப் பழக ஆரம்பித்தேன். அடுப்படியில் நின்று நின்று முட்டி மடங்காது. சாப்பாட்டு மேசையை ஓரம் தள்ளிவிட்டு, டிவிக்கு முன்னால் தலையணைமேல் உட்காருவேன். மகள் வேலை முடிந்து வந்து பார்ப்பாள்.

"என்ன, யோகா கிளாஸா?"

"மணையில உட்காரணும்ல?"

"ஸ்டூல் போட்டுக்கலாம்பா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"மத்தவங்க பண்ணட்டும். நான் கீழதான் உட்காருவேன்."

அவளுக்கு உள்ளுக்குள் அது பிடித்திருந்தது. ஒருநாள் எனக்கு எதிரே அவளும் உட்கார்ந்து வலது கையை நீட்டினாள். "ட்ரையல்" என்றாள். நான் அந்தக் கையை வாங்கி, சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். மகன் மாடியிலிருந்து இறங்கி வந்து, "வாட் இஸ் ஹாப்பனிங் ஹியர்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் குளிர்பெட்டியைத் திறந்தான்.

கல்யாணம் மாஸி என்கிற புறநகர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில். காலை முகூர்த்தம். தாரை வார்த்து முடியும்வரை பெண்ணைப் பெற்றவர்கள் எதுவும் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். சிலர் பால் குடிப்பார்கள். நான் அதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். ஒரே மகள், ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

முந்தின இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. அதிகாலையில் குளித்து வேட்டி கட்டிவிட்டு, இரண்டு கோடு எடுத்தேன். மருந்துக்கு விரதம் இல்லை என்று உங்கள் அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

"ஆனா வெறும் வயித்துலயா? சாப்பிட்டுத்தானே போடச் சொன்னாங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"அரை டம்ளர் பாலாவது குடிங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

குடிக்கவில்லை. அவள்தான் கார் ஓட்டினாள். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாகனம் நிறுத்துகிற இடம் ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. உள்ளே நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்த வரிசைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு முகம் வந்து உட்காரப் போகிறது என்று நினைத்ததும் பழைய இடி நெஞ்சில் தொடங்கியது. எண்ணெய் வேலை செய்வதாகவே தெரியவில்லை. வழக்கமாக வருகிற அந்த இளக்கம் இல்லை.

நான் அப்போது போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன். நான் சமையல்காரன். வீட்டுக்கு ஒரு படி அரிசி போடுகிறவன், கல்யாணத்துக்கும் ஒரு படி போட மாட்டான். சந்தைக் கூட்டத்துக்கு இரண்டு கோடு என்றால் இந்தக் கூட்டத்துக்கு இரண்டு எப்படிக் காணும்? சாதாரண நாளுக்கு ஒரு அளவு, பெரிய நாளுக்குப் பெரிய அளவு. பத்தவில்லை என்றால் போடு. என் வாழ்நாள் முழுக்க என் கை அப்படித்தான் வேலை செய்திருக்கிறது. ருசி பார்த்து, குறைந்தால் ஒரு கிள்ளு சேர்த்து, மறுபடி ருசி பார்த்து. ஆனால் குழம்பு உடனே பதில் சொல்லும். இது சொல்லாது என்று மகள் எனக்குத் தமிழில் விளக்கிச் சொல்லியிருந்தாள்.

சாமான் வைக்கிற அறைக்குள் போனேன். புட்டி என் இடுப்பில் சின்னப் பையில் இருந்தது. இன்னும் இரண்டு கோடு எடுத்துக்கொண்டேன்.

பிறகு கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகவே போனது. மாப்பிள்ளையை வரவேற்றேன். சம்பந்தி அம்மா, "என்ன அண்ணை, முகம் வாடிப்போச்சு? ஒண்டும் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டார்கள். "விரதம்" என்றேன். "ஓம் ஓம், இன்னும் கொஞ்ச நேரந்தானே" என்றார்கள். மணையில் உட்கார்ந்தேன். முட்டி மடங்கியது. ஒரு மாதப் பழக்கம் வீண் போகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் உங்கள் அம்மா. எதிரே பட்டுப்புடவையில் மகள். ஓமப் புகை கண்ணில் பட்டது.

முதலில் சத்தம் மாறியது. ஒலிபெருக்கியில் வந்த நாதஸ்வரம் எங்கோ குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. பிறகு நேரம் நின்றது. ஐயர் ஒரு வரியைத் தொடங்கினால் அது முடியவே இல்லை. வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் நான் என்ன போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது தெரியும் என்று பட்டது. அவர்கள் அதைத்தான் பேசிக்கொள்கிறார்கள். திரும்பிப் பார்க்கப் பயம்.

மாப்பிள்ளை வீட்டு ஐயர் நல்ல மனிதர். என் பக்கம் குனிந்து, தான் சொல்லுகிற இடத்தில் பெண்ணின் பெயரை நான் சொல்ல வேண்டும் என்றார்.

"ஐயா, இப்ப பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ."

பெயர் வரவில்லை.

அது நான் வைத்த பெயர். மருத்துவமனையில் அவளை என் கையில் கொடுத்தபோது, வேறு யாரையும் கேட்காமல் நான் சொன்ன பெயர். அவள் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவள் முகம் தெரிகிறது. நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிகிறது. பெயர் இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

"ஐயா, பேர்."

உங்கள் அம்மா முழங்கையால் இடித்தாள். மெல்லப் பெயரை எடுத்தும் கொடுத்தாள். காதில் விழுந்தது. ஆனால் அது வேறு யாருடைய பெயரோ மாதிரி இருந்தது. தப்பான பெயரைச் சொல்லித் தப்பான பெண்ணைக் கொடுத்துவிடுவேன் என்று ஒரு பயம் பிடித்தது. இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. இப்போதே இங்கேயே செத்துப்போவேன், அதுவும் மணமேடையில், அவளுடைய நல்ல நாளில். அதை மட்டும் நடக்கவிடக் கூடாது. எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மேடையிலிருந்து இறங்கி நடந்தேன். முன்வரிசையில் யாரோ சத்தமாகவே, "பார்றா, பொண்ணைக் குடுக்க மனசு வரல மனுஷனுக்கு" என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள்.

வெளியே இரண்டு கார்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிப்ரவரி வெயில், இங்கே அதுதான் கோடை. தார் சுட்டது. முதலில் மகன் ஓடி வந்தான். "டாட்? டாட், ஆர் யூ ஓகே?" என்று தோளைப் பிடித்தான். இன்றைக்கு நண்பர்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறவன் அன்றைக்கு அழுதான். மகனே, உனக்கு அது மறந்திருக்கும். நான் மறக்கவில்லை.

பின்னாலேயே மகள் வந்தாள். மணையை விட்டுப் பெண் எழுந்து வரக் கூடாது என்பார்கள். மாலையோடு, பட்டுப்புடவையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு அந்தச் சுடுகிற தாரில் வந்தாள்.

"எத்தனை கோடுப்பா?"

அந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தெளிவாக விளங்கியது.

"ரெண்டு. அப்புறம் ரெண்டு."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். திட்டவில்லை. "இது போயிரும்பா. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. போயிரும்" என்றாள். பிறகு வாசலில் வந்து நின்ற ஐயரைப் பார்த்து, "கொஞ்சம் வெயிட் பண்ணலாமா ஐயா?" என்று கேட்டாள்.

"எவ்வளவு நேரம், பிள்ளை? முகூர்த்தம் போகுது. அது போனால் நான் ஒண்டும் செய்யேலாது."

"கொஞ்ச நேரம். அப்பா வந்துருவார்."

நான் வந்துவிடுவேன் என்று அவள் சொன்னாள். எழுந்து நிற்கப் பார்த்தேன். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தேன். வாசல் தூரமாய்த் தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவள் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அவள் நிழலில் நான் இருந்தேன். ஐயர் இன்னொரு தடவை வந்து கூப்பிட்டார். மூன்றாம் தடவை கைக்கடிகாரத்தை மட்டும் காட்டினார்.

அப்போது நானே சொன்னேன். "போ கண்ணு. மாமாவை உட்காரச் சொல்லு."

"வேணாம்பா."

"போம்மா. நேரம் போகுது."

அவள் போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கெட்டிமேளம் கேட்டது. அந்தச் சத்தத்தை மட்டும் எண்ணெய் எதுவும் செய்யவில்லை. எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டது.

உங்கள் அம்மாவின் தம்பி என் இடத்தில் உட்கார்ந்து தாரை வார்த்தார். முறையான ஆள்தான், தாய்மாமன். ஒரு குறையும் சொல்ல முடியாது. மத்தியானம் நான் உள்ளே ஓர் அறையில் நாற்காலிகளைச் சேர்த்துப்போட்டுப் படுத்திருந்தபோது எல்லாம் தெளிந்துவிட்டது. வெளியே பந்தி நடந்துகொண்டிருந்தது. அவள் பெயர் அப்போது தானாக வந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். யாரும் இல்லை.

சம்பந்தி வீட்டார் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. விரதத்தில் மயக்கம் வந்ததாகத்தான் மற்றவர்கள் நினைத்தார்கள். மாப்பிள்ளைக்கு மகள் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் தயிர்சாதத் தட்டோடு அறைக்குள் வந்து, "மாமா, முதல்ல சாப்பிடுங்கோ, மற்றதெல்லாம் பிறகு கதைப்பம்" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெறும் வயிறு, தூக்கமில்லாத இரவு, உலர்ந்த உடம்பு, அதன்மேல் இரட்டிப்பு அளவு என்றார். தினமும் சாப்பிட்டு எடுத்த மருந்தை அன்றைக்கு மட்டும் வேறு மாதிரி எடுத்தால், அது எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி அரைக் கோட்டிலிருந்து தொடங்க வைத்தார். இந்தத் தடவை ஒவ்வொன்றிலும் பல வாரம் நின்றேன். உள்ளே இறங்குகிறதா என்று தேடாமல், அன்றைக்கு நான் எங்கெல்லாம் போய் வந்தேன் என்று மட்டும் யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

எனக்குச் சரியான அளவு ஒரு கோடு. இரண்டுகூட இல்லை. எதுவும் தெரியவில்லை என்று நான் தள்ளிவிட்ட அதே ஒன்று. அந்த ஒரு கோட்டில் இப்போது ஓட்டல் அடுப்படியில் நிற்கிறேன். ரயிலில் போகிறேன். போன தைப்பூசத்தில் கோயில் கூட்டத்தில் நின்று, செருப்போடு வீடு திரும்பினேன். பயம் முழுதாகப் போகவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். மணையிலும் அது அப்படியே ஒரு மூலையில் இருந்திருக்கும், நான் அதோடேயே உட்கார்ந்து முடித்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. பயமே இல்லாமல் உட்கார வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன். மகளைக் கொடுக்கிற நாளில் எந்த அப்பனுக்கும் உள்ளே கொஞ்சம் நடுங்கத்தானே செய்யும். அதையும் சேர்த்து அடக்கப் பார்த்தேன்.

இது எனக்கான அளவு. இதை வாசித்துவிட்டு யாரும் ஒரு கோடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மகனே, முக்கியமாக நீ. உனக்கு எப்போதாவது பதட்டம் வந்தால் முதலில் என்னிடம் வந்து சொல். இரண்டு பேருமாக டாக்டரிடம் போவோம்.

மகனுக்கும் கல்யாணம் நடக்கும். சந்தோஷம்தான். ஆனால் மாப்பிள்ளையின் அப்பனுக்குத் தாரை வார்க்கிற வேலை இல்லை. சும்மா பட்டுவேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அது ஒரு தடவைக்கான வேலை. வந்தது, போய்விட்டது.

போன மாதம் மகள் வந்திருந்தபோது இதை எழுதுகிறேன் என்று சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

"இன்னுமாப்பா அதையே நினைச்சுட்டு இருக்கீங்க? என்னை யாரும் யாருக்கும் குடுக்க வேணாம். நான் என்ன பார்சலா? எனக்குப் பிடிச்சவரை நானே கட்டிக்கிட்டேன்."

"சரிதான் கண்ணு."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். நான் கழுவ, அவள் துடைத்து அடுக்கினாள். பிறகு துணியால் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாமா கை ஜில்லுனு இருந்துச்சுப்பா. அவரும் பயந்து போயிருந்தார் போல. எனக்கு அப்ப தோணுச்சு, உங்க கை எப்பவும் சூடா இருக்குமேன்னு."

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷத்தில் அவள் என் கையைத் தேடியிருக்கிறாள். அது தெரிந்ததில் எனக்கு ஆறுதலா, இல்லை வருத்தம் இன்னும் கூடியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த தட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.